முட்டை அட்டையும் மருந்துக்கு அடங்காத கிருமியும்: பெரியநாயக்கன்பாளையம் வழித்தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களம்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் கவுண்டம்பாளையம், துடியலூர், நரசிம்மநாயக்கன்பாளையம் எல்லாம் தாண்டினால் பெரியநாயக்கன்பாளையம். மேற்கே குருடிமலை தெரியும். 1930இல் தி.சு. அவினாசிலிங்கம் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இங்கே இருக்கிறது. 1962இல் தொடங்கப்பட்ட லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் ஆலையும் இந்த ஊரில்தான் வேரூன்றியது. விடுதி மாணவர்கள், ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளர்கள், ஊட்டிக்குப் போகிறவர்கள் என்று எந்நேரமும் பசியோடு ஆள் நடமாடும் சாலை இது. ஆகவே முட்டை நன்றாக விற்கும் சாலை.

இங்கே விற்கும் வெள்ளை முட்டையின் ஊற்றுக்கண் நாமக்கல். 1982இல் பி.வி. ராவ் முன்னின்று உருவாக்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதாவது நாளிதழ்களில் நாம் தினமும் பார்க்கும் ‘நெக்’, நாமக்கல் மண்டலத்துக்கு விலை அறிவித்தால் அது இங்கே பெட்டிக்கடை வரை கேட்கும். அந்த வட்டாரத்தில் நாளொன்றுக்கு இடப்படும் முட்டைகளைக் கோடிக்கணக்கில்தான் எண்ண வேண்டும். நாமக்கல்லில் லாரி ஏறும் முட்டை மொத்தக் கடைக்கு வந்து, அங்கிருந்து குட்டியானை வண்டியில் தெருக் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் போகிறது. வழி முழுக்க அதைத் தாங்கி வருவது முப்பது குழி கொண்ட ஓர் அட்டை.

இந்தக் கட்டுரையின் நாயகன் அந்த அட்டைதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டையில் மருந்து இருக்கிறதா என்று கேட்பவர்கள் பலர். அட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் அரிது. கோவையில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு அந்தக் கேள்வியை 2006லேயே அச்சில் கேட்டிருக்கிறது.

2. இரண்டு சிக்கல், ஒரே பெயர்

‘ஆன்டிபயாட்டிக் முட்டை’ என்று பொதுவாகப் பேசும்போது இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழைந்துபோகின்றன.

முதலாவது, மருந்து எச்சம். கோழிக்குக் கொடுத்த மருந்து அதன் உடலில் கரைந்து முட்டைக்குள் ஓரளவு படிந்து நிற்பது. மஞ்சள்கரு வேகமாகத் திரண்டு வளர்வது முட்டையிடுவதற்கு முந்தைய பத்து நாட்களில்தான். அந்த நாட்களில் கோழி விழுங்கிய மருந்தின் சுவடு, மருந்தை நிறுத்திய பிறகும் சில நாள் முட்டையில் தொடரும். இது வேதியியல் சிக்கல். அளவு கருவியில் பார்த்தால் தெரியும். சில மருந்துகளை வேகவைத்தால் ஓரளவு சிதையும். என்ரோஃப்ளாக்சசின் போன்றவை சூட்டுக்கு எளிதில் அசைந்து கொடுப்பதில்லை.

இரண்டாவது, எதிர்ப்புக் கிருமி. மருந்தைப் பார்த்துப் பழகி, அதற்கு அடங்காமல் பிழைத்துக்கொண்ட பாக்டீரியா. முட்டைக்குள் மருந்து துளியும் இல்லாதிருக்கலாம். ஓட்டின்மேல் இந்தக் கிருமி உட்கார்ந்திருக்கலாம். இது உயிரியல் சிக்கல். கொதிநீரில் இந்தக் கிருமி சாகும். ஆனால் கை, கத்தி, பாத்திரம், அட்டை வழியாகப் பரவவும் செய்யும்.

தமிழில் ‘எச்சம்’ என்ற சொல் மிஞ்சி நிற்பதையும் குறிக்கிறது, பறவையின் கழிவையும் குறிக்கிறது. நம் சிக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான சிலேடை கிடைக்காது. நாளிதழ்கள் முதல் எச்சத்தைப் பற்றியே எழுதுகின்றன. ஆபத்து அதிகமாக விளைவது இரண்டாவது எச்சத்தில்.

2025 டிசம்பரில் முட்டையில் நைட்ரோஃபியூரான் இருப்பதாகச் செய்தி பரவி, வீடுகளில் முட்டை வாங்கத் தயங்கினார்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் விளக்கம் தந்தது: கோழி வளர்ப்பின் எந்தக் கட்டத்திலும் அந்த மருந்துக்கு அனுமதி இல்லை, கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்ற அளவு ஆய்வகத்தில் கண்டுபிடித்து நடவடிக்கை எடுப்பதற்கான வரம்பே தவிர, பயன்படுத்தலாம் என்பதற்கான உரிமம் அல்ல. விளக்கம் சரியானதே. ஆனால் அத்தனை பேச்சும் முதல் எச்சத்தோடு முடிந்துவிட்டது.

3. கோவைச் சந்தையின் 492 முட்டைகள்

3.1 ஆய்வு கண்டது

மருதமலைச் சாலையில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையில், பெ. லட்சுமணப்பெருமாள்சாமி வழிகாட்டலில் டி. சுரேஷ், ஏ.ஏ.எம். ஹத்தா முதலியோர் கோவை நகரச் சில்லறைக் கடைகளில் ஓராண்டு காலம் முட்டையும் முட்டை அடுக்கும் அட்டைத் தட்டுகளும் சேகரித்து சால்மொனெல்லா இருக்கிறதா என்று பார்த்தார்கள். முடிவு 2006இல் உணவு நுண்ணுயிரியலுக்கான பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியானது.

492 முட்டை மாதிரிகளில் 38இல், அதாவது 7.7 விழுக்காட்டில், சால்மொனெல்லா கிடைத்தது. இதில் 29 ஓட்டிலும் 9 உள்ளேயும் கிடைத்தவை. விழுக்காட்டில் சொன்னால் ஓட்டில் 5.9, உள்ளே 1.8. தட்டுகளில் சுமார் 7.5 விழுக்காடு. முட்டையில் கிடைத்த கிருமிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடும், தட்டில் கிடைத்தவை அத்தனையும் சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் என்ற ஒரே வகை. பத்து மருந்துகளை வைத்துச் சோதித்ததில் ஆம்பிசிலின், நியோமைசின், பாலிமிக்சின்-பி, டெட்ராசைக்ளின் ஆகிய நான்குக்கும் கிருமிகள் அடங்கவில்லை.

டைபாய்டு தரும் சால்மொனெல்லா டைஃபி மனிதனிடம் மட்டும் வாழ்வது. முட்டைக்கும் அதற்கும் உறவு இல்லை. இங்கே பேசப்படுவது வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் அதன் பங்காளி. பெரும்பாலானவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் இல்லாமலே சில நாளில் சரியாகிவிடும். கைக்குழந்தை, முதியவர், நோயெதிர்ப்பு குன்றியவர் ஆகியோருக்கு இரத்தத்தில் ஏறினால் கதையே வேறு. மருந்து கேட்குமா என்ற கேள்வி உயிர்க் கேள்வியாவது அப்போதுதான்.

3.2 தட்டைப் பற்றிய வரி

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவோர் 7.7 என்ற எண்ணைத்தான் எடுத்துப்போகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பக்கத்தில் இருக்கும் 7.5.

முட்டையிலும் தட்டிலும் ஏறத்தாழ ஒரே விகிதம். தட்டில் இருந்ததெல்லாம் முட்டையில் மிகுந்திருந்த அதே வகை. கிருமி முட்டையிலிருந்து தட்டுக்கு வந்ததா, தட்டிலிருந்து முட்டைக்கு ஏறியதா என்று இந்த எண்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரு திசையிலும் போக்குவரத்து இருக்கிறது என்று கொள்வதே நியாயம். ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முட்டை ஒருமுறை வந்து உடைபட்டுத் தீர்ந்துவிடும். அட்டை திரும்பிப் போகும். கடையின் மூலையில் அடுக்கிய காலி அட்டையை வண்டிக்காரர் எடுத்துப்போவார்; அது மறுபடி மொத்தக் கடைக்கும், அங்கிருந்து சில சமயம் பண்ணைக்குமே போகும். காகிதக் கூழில் செய்த அட்டையைக் கழுவ முடியாது. ஒரு முட்டை உடைந்து வடிந்தால் வெள்ளைக்கரு அட்டையில் ஊறிக் காய்ந்து கிருமிக்குச் சோறும் கூரையும் ஆகிவிடும். பிளாஸ்டிக் தட்டைக் கழுவலாம். கழுவுவதற்கு ஓர் ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும், நேரம் வேண்டும்.

பண்ணையின் வாசலில் டயருக்கு மருந்து தெளிக்கும் தொட்டி கட்டுவார்கள். பறவைக் காய்ச்சல் பயம் அதைக் கற்றுக்கொடுத்தது. அதே வாசல் வழியாகப் பத்துக் கடைகளைச் சுற்றிய அட்டை கட்டுக்கட்டாக உள்ளே போவதைக் கவனித்தால் சிரிப்புதான் வரும்.

3.3 மழைக்காலம்

கிருமி அதிகம் கிடைத்தது மழை மாதங்களில். அடுத்து மழைக்குப் பின், கடைசியில் மழைக்கு முன். காரணம் எளிது. ஈரம் இருந்தால் ஓட்டின்மேல் கிருமி நெடுநாள் பிழைக்கும். நனைந்த அட்டையில் இன்னும் நன்றாகப் பிழைக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரல் அடிக்கும் நாட்களில், மலையடிவாரத்து ஊர்க்கடைகளில் கதவோரம் வைத்த அட்டை எவ்வளவு சீக்கிரம் நமுத்துப்போகும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். வெயில்காலத்தில்தான் முட்டை கெடும் என்று நாம் நினைக்கிறோம். அழுகுவதைப் பொறுத்தவரை அது சரி. சால்மொனெல்லாவைப் பொறுத்தவரை இந்த ஆய்வு வேறு மாதத்தைக் காட்டுகிறது.

3.4 ஆய்வைக் கேள்வி கேட்டல்

மூன்று இடங்களில் நிதானம் வேண்டும்.

ஒன்று, உள்ளே கிடைத்த 1.8 விழுக்காடு. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வாக்கில் செய்த கணக்கீடு, 20,000 முட்டைக்கு ஒன்றில் உள்ளே என்டெரிடிடிஸ் இருக்கும் என்றது. இதையும் அதையும் பக்கத்தில் வைத்தால் தலை சுற்றும். அங்கே நாட்டின் மொத்த உற்பத்திக்கான மதிப்பீடு. இங்கே கடையில் பல நாள் கிடந்த முட்டை. ஓட்டில் கிருமி இருக்கும் முட்டையை உடைக்கும்போது துளி உள்ளே விழும் வாய்ப்பு எந்த ஆய்வகத்திலும் உண்டு. நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையாகாது. கோவை எண் பெரியது என்பதை மட்டும் மறுக்க முடியாது.

இரண்டு, பாலிமிக்சின்-பி. இது கொலிஸ்டினின் உடன்பிறப்பு. கொலிஸ்டின், வேறெதுவும் கேட்காத நோயாளிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாக ஏற்றும் மருந்து. ஆகவே கோவை முட்டைக் கிருமி பாலிமிக்சினுக்கு அடங்கவில்லை என்ற வரி திகிலூட்டும். ஆனால் சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் வகைக்கு இந்த மருந்துக் குடும்பத்திடம் இயல்பிலேயே கொஞ்சம் முரட்டுத்தனம் உண்டு. மேலும், இந்த மருந்துகள் சோதனைத் தட்டில் கிருமி வளர்க்கும் அகார் கூழில் சரியாகப் பரவுவதில்லை. வட்டில் வைத்துச் செய்யும் சோதனை இவற்றுக்கு நம்பகமானதல்ல என்று 2016இல் அமெரிக்க, ஐரோப்பிய தர அமைப்புகள் சேர்ந்தே கூறிவிட்டன. அதனால் இந்த ஒரு முடிவை அடைப்புக்குறிக்குள் வைத்துப் படிக்க வேண்டும்.

மூன்று, மற்ற மூன்று மருந்துகள். டெட்ராசைக்ளினும் நியோமைசினும் இன்று சால்மொனெல்லா நோயாளிக்கு மருத்துவர் எழுதும் மருந்துகள் அல்ல. செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவைதான் முன்னிற்கின்றன. அப்படியானால் இந்த எதிர்ப்பு நமக்கு எதைச் சொல்கிறது? கொட்டகையில் எந்த மருந்து புழங்கியது என்பதைச் சொல்கிறது. தண்ணீரில் கலக்கும் டெட்ராசைக்ளின், நியோமைசின் பொடிகள் கால்நடை மருந்துக் கடைகளில் சர்வசாதாரணம். கிருமியின் உடம்பே பண்ணையின் மருந்துச் சீட்டாகிவிட்டது. இந்த ஆய்வின் பெருமதிப்பு இங்கேதான் என்பது என் எண்ணம்.

4. எதிர்ப்பு விளையும் இடம்

4.1 தீவனத்தில் நுழைந்த கதை

கோழித் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் வந்தது நோய்க்காக அல்ல. அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் இருவரும் வைட்டமின் பி-12 தேடி, ஆரியோமைசின் தயாரித்து மிஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பருத்தன. வைட்டமினால் மட்டுமல்ல, சக்கையில் ஒட்டியிருந்த ஆன்டிபயாட்டிக்காலும் என்பது பிறகு தெரிந்து, 1950இல் உலகுக்கு அறிவித்தார்கள். அந்த ஆரியோமைசின் கண்டுபிடிக்கப்பட்டபோது லெடர்லியின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகதா சுப்பாராவ். 1948இல் அவர் இறந்துவிட்டார். தம் மருந்தின் சக்கை கோழித் தீவனமானதை அவர் பார்க்கவில்லை.

சிறு அளவில் நாள்தோறும் கொடுப்பது கிருமியைக் கொல்லாது, பயிற்சி கொடுக்கும். பிழைத்த கிருமி தன் எதிர்ப்பு மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் எழுதி அடுத்த கிருமிக்கு நகர்த்துகிறது. தேர்வறையில் கை மாறும் பிட்டுதான் அது. எழுதிக் கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரே வகுப்பில் இருக்க வேண்டியதில்லை. கோழிக் குடலின் சாதாரண ஈ.கோலை, சால்மொனெல்லாவுக்குக் கொடுக்கலாம். மனிதக் குடலில் நுழைந்த பிறகு அங்கிருக்கும் கிருமிக்கும் கொடுக்கலாம். வயிற்றுக்கு ஒன்றும் செய்யாத ஈ.கோலையும் பொருட்படுத்தத் தக்கதாவது இதனால்தான். இன்று சும்மா குடியிருப்பது நாளை சிறுநீர்த் தொற்றாக வெளிப்படும்போது மாத்திரை கேட்காது.

ஸ்வீடன் 1986இலும் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதலும் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை நிறுத்தின. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2007ஆம் ஆண்டுத் தீவனத் தரமும் அதையே பரிந்துரைத்தது. பரிந்துரை மட்டும்.

4.2 முட்டைக்கோழியும் கறிக்கோழியும்

இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பது தவறு. நாமக்கல் முட்டைக்கோழிக்கும் பல்லடம், உடுமலை, சுல்தான்பேட்டைப் பக்கத்துக் கறிக்கோழிக்கும் வாழ்க்கையே வேறு. முட்டைக்கோழி கூண்டில் ஓராண்டுக்கும் மேலாக நிற்கும். தினமும் அதன் முட்டை சந்தைக்குப் போகும். மருந்து கொடுத்தால் விற்பனையில் சிக்கல். கறிக்கோழி சுமார் ஆறு வாரத்தில் விற்றுப்போகும். ஆயிரக்கணக்கில் தரையில் நெருங்கி வளரும். ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தரும், கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. குஞ்சு செத்தால் கூலி குறையும். அந்தப் பயம்தான் மருந்துப் பாட்டிலைத் திறக்கவைக்கிறது. விவசாயியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பஞ்சாபில் 18 பண்ணைகளில் செய்து 2017இல் வெளியான ஆய்வு இந்த வேறுபாட்டை எண்ணில் காட்டியது. செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைத்தெறியும் நொதி கொண்ட ஈ.கோலை, கறிக்கோழிப் பண்ணைகளில் 87 விழுக்காடு, முட்டைக்கோழிப் பண்ணைகளில் 42 விழுக்காடு. முட்டைக்காரர் ஆறுதல் கொள்ளலாம். 42 என்பது சின்ன எண் அல்ல என்பதையும் அவர் நினைவில் வைக்கலாம்.

இரண்டும் கடையில் சந்திக்கின்றன. கறிக்கோழி வெட்டும் கடையிலேயே முட்டை அட்டையும் அடுக்கியிருக்கும். கோழி அறுத்த கை, அதே ஈரத்தோடு முட்டையை எண்ணிப் பையில் போடும். பெரியநாயக்கன்பாளையம் என்றில்லை, கொங்கு நாட்டில் எந்தச் சாலையோரத்திலும் காணலாம். 87ஐயும் 42ஐயும் பிரித்துக் காட்டிய ஆய்வாளரின் உழைப்பெல்லாம் அந்த ஒரு கையில் கலந்துபோகிறது.

4.3 கொலிஸ்டின்

2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவை அறிவித்தார்கள். பன்றியிலும் கோழியிலும் புழங்கிய கொலிஸ்டினுக்கு எதிரான பிட்டு கைமாறத் தொடங்கிவிட்டது என்பதே செய்தி. இந்தியக் கோழிப் பண்ணைகளில் கொலிஸ்டின் அப்போது தாராளமாகக் கிடைத்தது. 2019 ஜூலை 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26-ஏ பிரிவின்கீழ், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. குளோராம்பெனிக்காலும் நைட்ரோஃபியூரானும் 2025இல் அதே வழியில் தடையாயின.

தமிழ்நாட்டுக்கு இந்த எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. டெல்லிப் பெயர் தாங்கிய என்.டி.எம்-1 எதிர்ப்பு மரபணு பற்றிய 2010ஆம் ஆண்டு ஆய்வுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. கிருமிகளில் கணிசமானவை சென்னையிலிருந்து எடுத்தவை. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட ‘சென்னைப் பிரகடனம்’ மருந்தெதிர்ப்பைத் தேசியப் பிரச்சினையாக்கியது. மருத்துவமனையைப் பற்றி அவ்வளவு பேசிய மாநிலம், கொட்டகையைப் பற்றி அதில் பாதியும் பேசவில்லை.

4.4 நாட்டுக்கோழி என்னும் நம்பிக்கை

நாட்டுக்கோழி முட்டைக்கு இரட்டை விலை கொடுப்போர், அதில் மருந்தே இல்லை என்று நம்பிக் கொடுக்கிறார்கள். தீவனத்தில் மருந்து சேர்வதில்லை என்பது பெரும்பாலும் உண்மையாக இருக்கலாம். ஆனால் வெள்ளைக்கழிச்சல் வந்தால் வீட்டில் மிஞ்சிய டெட்ராசைக்ளின் மாத்திரைக் கூட்டைப் பிரித்துச் சோற்றில் பிசைந்து ஊட்டும் வழக்கம் நம் ஊர்களில் பழையது. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் ஒரு வைரஸ் நோய். ஆன்டிபயாட்டிக்கை அது ஏறெடுத்தும் பார்க்காது. செய்ய வேண்டியது தடுப்பூசி. அதைத் தயாரிக்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் ராணிப்பேட்டையிலேயே இருக்கிறது. மேலும், புறக்கடையில் மேயும் கோழியின் முட்டை மண்ணிலும் குப்பையிலும் இடப்படுவது. ஓடு கூண்டு முட்டையைவிடச் சுத்தமாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

5. ஓடு என்னும் காவல்

முட்டை தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த பொருள். ஓட்டில் ஏழாயிரம் முதல் பதினேழாயிரம் வரை நுண்துளைகள் உண்டு. அவற்றை மூடி மேலே ஒரு மெல்லிய படலம். உள்ளே இரண்டு சவ்வுகள். வெள்ளைக்கருவில் கிருமியின் சுவரை உடைக்கும் லைசோசைம், இரும்பைக் கட்டி வைக்கும் புரதம், காரத்தன்மை. கிருமிக்கு அது பாலைவனம். மஞ்சள்கருதான் சோலை. நாளாக ஆக மஞ்சள்கருவைச் சுற்றிய சவ்வு தளர்ந்து இரும்பும் சத்தும் கசியும். 20 டிகிரி வெப்பத்தில் இதற்குச் சுமார் மூன்று வாரம் ஆகும். நம் ஊர்ச் சூட்டில் அதற்கு முன்பே.

சால்மொனெல்லா என்டெரிடிடிஸின் தந்திரம் வேறு. கோழியின் சினைப்பையிலேயே குடியேறி, ஓடு கட்டுவதற்கு முன்பே உள்ளே புகுந்துகொள்ளும். கோழியும் நலமாகத்தான் திரியும். எந்தக் கழுவலும் இதற்கு உதவாது.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. கடையிலிருந்து வந்ததும் முட்டையைக் குழாய்த் தண்ணீரில் கழுவி அடுக்குவது சுத்தம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். குளிர்ந்த நீர் பட்டால் உள்ளிருப்பது சுருங்கும், துளை வழியே வெளி ஈரம் கிருமியோடு உள்ளே இழுபடும், மேற்படலமும் போய்விடும். அமெரிக்காவில் முட்டையைக் கழுவித்தான் விற்க வேண்டும்; ஆனால் நீர் முட்டையைவிடச் சூடாக இருக்க வேண்டும் என்பது விதி, கழுவிய முட்டை அதன்பின் குளிரிலேயே இருக்க வேண்டும். ஐரோப்பாவில் பொதுவாகக் கழுவவே கூடாது. நாமோ கழுவி, வெளியில் வைத்துவிடுகிறோம். இரு தரப்பு விதிகளிலும் பாதியை எடுத்துக்கொண்ட முறை இது. சமைப்பதற்குச் சற்று முன் கழுவினால் தீங்கில்லை.

6. கல்லும் கலக்கியும்

71 டிகிரிக்கு மஞ்சள்கரு சூடேறினால் சால்மொனெல்லா நிற்காது, எதிர்ப்புக் கிருமியானாலும் சரி. மருந்துக்கு அடங்காதது நெருப்புக்கு அடங்கும். அவித்த முட்டை, முட்டைக் குழம்பு, நன்கு வெந்த ஆம்லெட் பற்றி இக்கட்டுரைக்குப் புகார் இல்லை. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டத்தில் 1989இல் கருணாநிதி ஆட்சியில் சேர்ந்த முட்டை, அவித்துத் தோலுரித்துத் தரப்படுகிறது. உணவுப் பாதுகாப்பு நோக்கில் அதைவிட நல்ல வடிவம் கிடையாது.

சிக்கல் நம் நாக்கில் இருக்கிறது. கலக்கி கொங்கு நாட்டின் பெருமை. முட்டையை அடித்து, மிளகுத்தூளும் சால்னாவும் கலந்து, எண்ணெய் தடவிய கல்லில் ஊற்றி, ஓரம் பிடித்ததும் மடித்து எடுத்துவிடுவார்கள். வெளியே தோல், உள்ளே குழம்பு. இன்னும் கொஞ்சம் வேகவிட்டால் அது கலக்கி அல்ல. மாஸ்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார், சாப்பிடுபவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆஃப்பாயிலும் அவ்வாறே. நானும் கலக்கி சாப்பிடுகிறவன்தான் என்பதால் இங்கே உபதேசம் செய்யும் தகுதி இல்லை. மழைக்காலத்தில் தவிர்க்கிறேன், அதற்குக் காரணம் 3.3.

வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது இன்னொன்று. சத்து என்ற நோக்கம் நல்லது. அவித்துக் கொடுத்தாலும் அந்தச் சத்து போய்விடாது. உண்மையில் வெந்த முட்டையின் புரதத்தைத்தான் உடல் நன்றாக எடுத்துக்கொள்ளும். உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் டம்ளரில் உடைத்துக் குடிப்பதற்கும் இதே பதில்.

பச்சை முட்டையில் செய்யும் மயோனைசைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. ஆணையில் சால்மொனெல்லா டைஃபிமியூரியம், என்டெரிடிடிஸ், ஈ.கோலை, லிஸ்டீரியா ஆகியவை பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டன. தடை சரியே. ஒரு முட்டையில் இருக்கும் கிருமியை ஐம்பது பேருக்குப் பங்கிட்டுத் தரும் பொருள் மயோனைஸ். கலக்கி ஒரு முட்டையோடு ஒருவரோடு முடிந்துவிடுகிறது.

7. சட்டம் அளப்பதும் அளக்காததும்

மருந்து விதிகளின் 97ஆம் விதி 2012இல் திருத்தப்பட்டது. உணவு விலங்குக்கான மருந்துப் புட்டியில், மருந்தை நிறுத்தி எத்தனை நாள் கழித்து முட்டையோ பாலோ விற்கலாம் என்று எழுத வேண்டும். குறிப்பிட்ட நாள் நிர்ணயிக்கப்படாத மருந்தானால் முட்டைக்கும் பாலுக்கும் 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் குறையாமல். எழுத்தில் நல்ல விதி. நாளுக்கு நாற்பதாயிரம் முட்டை வரும் ஒரு பண்ணையை எண்ணிப் பாருங்கள். ஏழு நாள் என்றால் 2,80,000 முட்டை. அதைக் குழியில் கொட்ட வேண்டும். எந்த இழப்பீடும் இல்லாமல், யாரும் எண்ணிப் பார்க்காத இடத்தில், எந்த மனிதர் கொட்டுவார்? மருந்தே தேவைப்படாமல் செய்வது ஒன்றுதான் நடைமுறை வழி.

2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு விதித் திருத்தம் மருந்து எச்ச வரம்புகளை இறுக்கியது, தடைப் பட்டியலை நீட்டியது. எல்லாம் எச்சத்தின் அளவு. ஓட்டில் உட்கார்ந்த கிருமி எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்பதற்கு உணவுச் சட்டத்தில் வரம்பு என்று ஒன்று கிடையாது. எச்சம் ‘இல்லை’ என்ற சான்றிதழோடு எதிர்ப்புக் கிருமி தாராளமாகப் பயணம் செய்யலாம்.

இங்கிலாந்தின் அனுபவம் வேறு பாதை காட்டுகிறது. 1988 டிசம்பரில் அந்நாட்டு இளநிலைச் சுகாதார அமைச்சர் எட்வினா கரி, நாட்டு முட்டை உற்பத்தியின் பெரும்பகுதியில் சால்மொனெல்லா இருப்பதாகச் சொல்லிவிட்டார். முட்டை விற்பனை சரிந்தது. இரண்டு வாரத்தில் அவர் பதவி போனது. பத்தாண்டு கழித்து, 1998இல், சிங்க முத்திரை கொண்ட தரத் திட்டத்தில் கோழிகளுக்குச் சால்மொனெல்லா தடுப்பூசி கட்டாயமானது. நோய் மளமளவென்று இறங்கியது. 2017இல் அந்த முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் குழைவாகவே சாப்பிடலாம் என்று அரசு அமைப்பே அறிவித்தது. ஆன்டிபயாட்டிக் கொட்டிச் சாதித்ததல்ல இது. ஊசி, எலி ஒழிப்பு, முத்திரை வழியே முட்டையை எந்தப் பண்ணைக்கும் தேடிப் போகும் வசதி. கலக்கியைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் படிக்க வேண்டிய வரலாறு இதுதான்.

8. மறு ஆய்வுக்கான திட்டம்

கோவை மாதிரிகள் எடுக்கப்பட்ட காலத்தில் கொலிஸ்டின் தடை இல்லை, ஏழு நாள் விதி இல்லை. அந்த ஆய்வைத் திரும்பச் செய்யாமல் தடைகள் பலித்தனவா என்று யாரும் சொல்ல முடியாது. செய்வதானால் மேட்டுப்பாளையம் சாலை தோதான களம். துடியலூர் மொத்தக் கடை, பெரியநாயக்கன்பாளையம் தெருக் கடை, காரமடைச் சந்தை, மேட்டுப்பாளையத்தில் நீலகிரிக்கு வண்டி ஏற்றும் இடம் என ஒரே சரக்கை நான்கு நிலைகளில் பிடிக்கலாம். ஆடியில் ஒரு சுற்று, ஐப்பசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று. முட்டை, தட்டு, கடைக்காரர் கை, கோழி வெட்டும் மரக்கட்டை ஆகிய நான்கிலும் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். பாலிமிக்சின் வகைக்கு வட்டுச் சோதனை வேண்டாம். நீர்மச் சோதனையும், எம்.சி.ஆர். மரபணுத் தேடலும் வேண்டும். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மருதமலை அடியில் பல்கலைக்கழகம் இருக்கிறது; இரு முனையிலும் ஆய்வகம் உண்டு.

முட்டை வாங்கும்போதே ஒவ்வோர் அட்டையின் அடியிலும் அழியாத மையில் ஓர் எண் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு வருடத்தில் அதே அட்டை எத்தனை முறை எந்தெந்தக் கடையில் திரும்பக் கையில் கிடைக்கிறது என்று குறித்து வந்தால் போதும். கூலியும் குறைவு, கருவியும் தேவையில்லை. அட்டை எத்தனை ஊர் சுற்றுகிறது என்ற அந்தக் கணக்கு 2006 ஆய்வில் இல்லை.